தீயை வெல்ல ஒரு கல்லூரி!

டாக்டர் ஆவதற்குக் கல்லூரி இருக்கிறது. வக்கீல் ஆவதற்கும் கல்லூரி இருக்கிறது. தீயை அணைப்பதற்கும், தீ வராமல் தடுப்பதற்கும் ஒரு கல்லூரி உண்டா?

உண்டு! நம் நாட்டிலேயே இருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் உள்ள நாகபுரியில் இருக்கிறது. "தேசியத் தீயணைப்புக் கல்லூரி" என்பது அதன் பெயர். மத்திய அரசின் உள்துறை அமைச்சகம் அதை நடத்துகிறது.

"தண்ணீரை ஊற்றினால் நெருப்பு அணைந்துவிடும். இதற்குப் போய் ஒரு படிப்பா?" என்று சிலர் கேட்பார்கள்.

அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினால் என்ன ஆகும்? தீ அணையாது. கூரையைத் தொடும் அளவுக்கு எழும்பும்!

ஏன் அப்படி? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அது சட்டியின் அடிக்குப் போகும். கொதிக்கும் எண்ணெய் பட்டதும் ஒரே நொடியில் நீராவி ஆகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் அளவுக்கு விரியும். அந்த வேகத்தில், எரியும் எண்ணெயை நாலா பக்கமும் வாரி இறைக்கும்.

ஒரு மூடியை எடுத்துச் சட்டியை மூடி, அடுப்பை நிறுத்தினால் போதும். தீ அடங்கிவிடும்.

எந்தத் தீக்கு எது எதிரி என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படிப்பு.

வெடித்த கப்பல்

நெருப்பைப் பற்றிப் படிக்காவிட்டால் என்ன நேரும்? அதற்குப் பம்பாய்த் துறைமுகத்தில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். துறைமுகத்தில் "போர்ட் ஸ்டிகைன்" என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து இருந்தது. அதே கப்பலில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள்!

பஞ்சையும் வெடிமருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா? வைத்துவிட்டார்கள். பிற்பகலில் கப்பலின் அடித்தளத்தில் பஞ்சு புகைய ஆரம்பித்தது.

தீயணைப்பு வீரர்கள் ஓடி வந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் நின்று, குழாய்களால் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆனால் தீ எங்கோ ஆழத்தில் இருந்தது. அதன் வேர் வரை தண்ணீர் போய்ச் சேரவில்லை.

மாலை 4 மணிக்குப் பிறகு கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் மீண்டும் ஒரு பெரும் வெடி. துறைமுகம் தீக்காடாக மாறியது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். தீயை அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் உயிர் இழந்தார்கள்.

அந்த வீரர்களின் நினைவாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. தீயணைப்பு நிலையங்களில் மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தீயைத் தடுக்கும் வழிகளைச் செய்து காட்டுகிறார்கள்.

அந்த 66 பேருக்கும் தைரியம் குறைவா? இல்லை. கப்பலில் எதை எதோடு ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பதை முதலிலேயே ஒருவர் பார்த்துத் தடுத்திருந்தால், அவர்கள் அங்கே போய் நிற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கல்லூரி பிறந்தது

நாடு விடுதலை அடைந்தபோது தீயணைப்பு வேலை ஊருக்கு ஒரு விதமாக இருந்தது. ஓர் ஊர்க் குழாய் இன்னோர் ஊர் வண்டியில் பொருந்தாது. பயிற்சியும் ஒரே மாதிரி இல்லை.

இதைச் சரிசெய்ய, நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு கல்லூரி தேவைப்பட்டது. 1956-ம் ஆண்டு உத்தரப்பிரதேசத்தில் உள்ள ராம்பூரில் அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, 1957-ல், நாட்டின் நடுவில் இருக்கும் நாகபுரிக்கு மாற்றப்பட்டது.

இங்கே இரண்டு வகை மாணவர்கள் படிக்கிறார்கள். ஏற்கெனவே தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கும் அதிகாரிகள் ஒரு வகை. அவர்கள் பல மாநிலங்களில் இருந்தும் பயிற்சிக்கு வருகிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தீயணைப்புப் பொறியியல் பட்டம் பெற வரும் இளைஞர்கள் இன்னொரு வகை.

பட்டப் படிப்பில் சேரப் பிளஸ்-2 வகுப்பில் பௌதிகம், ரசாயனம், கணக்கு ஆகிய பாடங்களைப் படித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். மூளை மட்டும் இருந்தால் போதாது. உயரம், எடை, கண் பார்வை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்வார்கள்.

அடுப்புக்கு மூன்று கல்

என்ன படிக்கிறார்கள்? முதல் பாடமே நெருப்பு என்றால் என்ன என்பதுதான்.

கிராமத்து அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். ஒரு கல்லை உருவினால் பானை கவிழ்ந்துவிடும். தீயும் அப்படித்தான். அது எரிய மூன்று வேண்டும். எரிகிற பொருள் ஒன்று. சூடு ஒன்று. காற்றில் இருக்கும் பிராண வாயு ஒன்று. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணைந்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவது சூட்டை எடுப்பதற்கு. மண்ணைப் போடுவதும், நுரையால் மூடுவதும் பிராண வாயுவைத் தடுப்பதற்கு. எரியும் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உள்ள போரைக் கலைத்து அப்புறப்படுத்துவது, எரிகிற பொருளை இல்லாமல் செய்வதற்கு. வேலை பலவிதம். தத்துவம் ஒன்றே.

தீயிலும் சாதிகள் உண்டு! மரம், துணி, காகிதம் எரிவது ஒரு வகை. பெட்ரோல், எண்ணெய் எரிவது இன்னொரு வகை. கியாஸ் எரிவது வேறு. மக்னீசியம் போன்ற உலோகங்கள் எரிவது வேறு. மின்சாரம் பாயும் இடத்தில் தீப்பிடித்தால் தண்ணீரைப் பாய்ச்சுவது ஆபத்து. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. மருந்து மாறினால் அணைக்கப் போனவருக்கே ஆபத்து.

தண்ணீர்க் குழாயில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எந்த மாடிக்குத் தண்ணீர் ஏறும்? இதற்குக் கணக்கு வேண்டும். எந்தப் பொருள் எரிந்தால் எந்த விஷ வாயு வரும்? இதற்கு ரசாயனம் வேண்டும். சுவர் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும்? இதற்குக் கட்டிடக் கலை தெரிய வேண்டும். சட்டமும் தெரிய வேண்டும்.

புகை அறையில் பயிற்சி

வகுப்பில் உட்கார்ந்து படிப்பது பாதி. மைதானத்தில் படிப்பது மீதி.

விடிந்ததும் அணிவகுப்பு. பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். குழாய்ச் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு ஓடவேண்டும். தண்ணீர் பாய்கிற வேகத்தில் குழாயின் முனை ஆளையே பின்னால் தள்ளும். அதைக் காலை ஊன்றிப் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும்.

மயங்கிக் கிடப்பவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்க வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போடுவதற்குக்கூடப் பாடம் உண்டு. முடிச்சு நழுவினால் உயிர் போய்விடும் அல்லவா?

எல்லாவற்றையும்விடக் கடினமானது புகை அறைப் பயிற்சி. இருட்டறை. உள்ளே புகை மண்டிக் கிடக்கும். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். முகத்தில் முகமூடி. எதிரில் இருப்பது தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே போய், உள்ளே இருப்பவரைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும்.

தீ விபத்துகளில் சாகிறவர்களில் பலர் நெருப்புப் பட்டுச் சாவது இல்லை. புகையால் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. சுவாசித்தவர் தூங்குவதுபோல மயங்கி விழுவார். அதனால்தான், புகை சூழ்ந்த அறையில் நிற்காமல் தவழ்ந்து போகச் சொல்கிறார்கள். புகை மேலே ஏறும். தரைக்கு அருகில் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும்.

மூன்று ஊர்கள், மூன்று பாடங்கள்

தீயை அணைப்பவருக்கு வீரம் வேண்டும். தீயைத் தடுப்பவருக்குக் கண் வேண்டும். மற்றவர்கள் பார்க்காததை அவர் பார்க்க வேண்டும்.

1997-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, டெல்லியில் ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. புகை மேலே ஏறி மாடி இருக்கைகளைச் சூழ்ந்துகொண்டது. டிக்கெட் அதிகம் விற்பதற்காகக் கூடுதல் நாற்காலிகளைப் போட்டு, வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறியே இறந்தார்கள்.

2004-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். வீடியோப் படம் எடுக்க வைத்த விளக்கில் இருந்து பறந்த பொறி பந்தலில் பற்றியது. மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்டிமேளம் கேட்க வேண்டிய வீட்டில் அழுகுரல் கேட்டது.

அதே ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. பள்ளிக்கூடத்தின் சமையல் அறையில் பற்றிய தீ, வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. படிக்கட்டு குறுகலானது. குழந்தைகள் வெளியே வர முடியவில்லை. 94 குழந்தைகள் பலியானார்கள்.

இந்த மூன்று இடங்களிலும் தீ வானத்தில் இருந்து விழவில்லை. அடைத்த வழி, ஓலைப் பந்தல், கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு. இவை எல்லாம் பல நாட்களாகக் கண் எதிரில் இருந்தவைதான். பார்த்து, "இது கூடாது" என்று சொல்லித் தடுப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதுதான் தீத்தடுப்புப் படிப்பு.

ஒரு கட்டிடத்தின் வரைபடம் தீத்தடுப்பு அதிகாரியின் மேஜைக்கு வருகிறது. அவர் அழகைப் பார்ப்பது இல்லை. உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்? வெளியே வர எத்தனை வழி? ஒரு படிக்கட்டில் புகை சூழ்ந்தால் இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா? கூட்டம் முட்டி மோதும்போது கதவு வெளிப்பக்கமாகத் திறக்குமா? தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா? இவற்றைத்தான் கேட்பார்.

இதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன. தேசியக் கட்டிட விதித் தொகுப்பின் 4-வது பகுதி முழுவதும் தீப் பாதுகாப்பையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியதே. விதி புத்தகத்தில் இருந்தால் போதாது. அதைப் படித்தவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் மாணவி

கல்லூரி தொடங்கி 46 ஆண்டுகள் வரை ஆண்கள் மட்டுமே அங்கே பட்டப் படிப்புப் படித்தார்கள். 2002-ம் ஆண்டு ஒரு பெண் துணிந்து சேர்ந்தார்!

அவர் பெயர் ஹர்ஷினி கன்ஹேகர். நாகபுரியைச் சேர்ந்தவர். கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. படையில் இருந்தார். ராணுவ உடை அணிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. தீயணைப்புக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். தேர்வு எழுதினார். தேறினார்.

வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். ஆனால் பயிற்சியில் பெண் என்று சலுகை இல்லை. ஆண்கள் தூக்கிய அதே குழாய், ஏறிய அதே ஏணி. படிப்பை முடித்து, 2006-ல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தில் தீயணைப்பு என்ஜினீயராகச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் தீயணைப்பு என்ஜினீயர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

தமிழ்நாடும் பின்தங்கவில்லை. 2003-ம் ஆண்டில் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் என்ற இரு பெண்கள் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகப் பொறுப்பு ஏற்றார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தில் உள்ள பழைய மாளிகையில் தீப்பிடித்தபோது, பிரியா ரவிச்சந்திரன் வீரர்களோடு உள்ளே சென்றார். கட்டிடம் இடிந்து விழுந்தது. அவர் தீக்காயம் அடைந்தார். வீரர் ஒருவர் உயிர் இழந்தார்.

பெண்ணுக்கு இந்த வேலை ஆகுமா என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

படித்தால் வேலை உண்டா?

பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, இரும்பு ஆலை, மின்சார நிலையம், துறைமுகம், விமான நிலையம், பெரிய ஆஸ்பத்திரி, மாநகராட்சி. இப்படிப் பல இடங்களில் தீயணைப்பு அதிகாரிகள் தேவைப்படுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும், கட்டிடங்களுக்குத் தீப் பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுக்கும் நிறுவனங்களிலும் வேலை உண்டு.

விமான நிலையத்து வேலை தனி ரகம். ஓடுபாதையில் விபத்து நேர்ந்தால், 3 நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி அங்கே போய் நிற்க வேண்டும் என்பது உலக விதி. அதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டு.

நாகபுரியைத் தவிர வேறு இடங்களிலும் படிக்கலாம். கேரளத்தில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பாதுகாப்பு மற்றும் தீயணைப்புப் பொறியியல் பட்டப் படிப்பு இருக்கிறது.

10-ம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களுக்கும் வழி உண்டு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் வெற்றி பெற்றால், தீயணைப்பு வீரர் ஆகலாம். எழுத்துத் தேர்வோடு ஓட்டம், கயிறு ஏறுதல் போன்ற உடல் திறன் தேர்வும் உண்டு. தேர்வு பெற்றவர்களுக்குத் துறையே பயிற்சி கொடுக்கும். தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது.

ஏமாற வேண்டாம்!

ஒரு எச்சரிக்கை. "சில மாதம் படித்தால் போதும், வெளிநாட்டில் வேலை நிச்சயம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன்பு சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

சான்றிதழ் கொடுப்பது யார்? அரசாங்கமோ, பல்கலைக்கழகமோ அதை அங்கீகரித்து இருக்கிறதா? பயிற்சி மைதானம், தண்ணீர்ப் பம்பு, ஏணி, மூச்சுக் கருவி இருக்கின்றனவா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?

நான்கு சுவருக்குள் படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால், அது தீயணைப்புப் படிப்பு ஆகாது. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவர் கிணற்றில் குதித்த கதையாகிவிடும்.

வீடும் ஒரு கல்லூரிதான்

எல்லோரும் நாகபுரிக்குப் போக முடியாது. ஆனால் சில பாடங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

சமையல் கியாஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் கெட்ட வாடையைக் கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மின்சார சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு பொறி போதும், வீடே வெடிக்கும். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வரவேண்டும்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளியைப் போட்டு மூடலாம். தீக்காயத்தில் மையையோ, பற்பசையையோ தடவக்கூடாது. குளிர்ந்த தண்ணீரைக் காயத்தின் மேல் நெடுநேரம் ஓடவிட்டு, டாக்டரிடம் போகவேண்டும்.

தீயணைப்பு நிலையத்துக்கு டெலிபோன் எண் 101. எண் 112-லும் கூப்பிடலாம். பதற்றத்தில் போனை வைத்துவிடாமல், ஊர், தெரு, அருகில் உள்ள அடையாளம் மூன்றையும் சொல்ல வேண்டும். இதை வீட்டில் உள்ள சிறு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்து வைப்பது நல்லது.

மாலை இல்லாத வேலை

எரியும் வீட்டில் இருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வரும் வீரரை ஊர் பாராட்டும். பத்திரிகையில் படம் வரும். அது நியாயம்தான்.

தீத்தடுப்பு அதிகாரிக்கு அந்தப் பெருமை கிடைப்பது இல்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். பூட்டிக் கிடக்கும் பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார். படிக்கட்டில் அடுக்கிய பழைய பெஞ்சுகளை எடுக்கச் சொல்கிறார். "எப்போதோ வரப்போகும் தீக்காக இப்போதே ஏன் தொந்தரவு?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர் குறிப்பு எழுதிக்கொண்டு அடுத்த கட்டிடத்துக்குப் போகிறார்.

அன்று மாலை மணி அடிக்கிறது. பிள்ளைகள் அந்தப் படிக்கட்டில் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கி வீட்டுக்கு ஓடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரியும் வராது. அதற்காகத்தான் அவர் படித்தார்.